லேண்ட்லைன் இல்லாமலே லைனை டெஸ்ட் பண்ண முடியுமா? 1839-லேயே செய்து காட்டிய ஒரு டாக்டரின் கதை!

பழைய வீடியோ கேம் கன்சோல்களைத் தேடிப் பிடித்து, தூசி தட்டி, மறுபடியும் ஓட வைக்கும் ஆர்வலர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு இப்போது ஒரே பிரச்னைதான். கன்சோல் ஓடுகிறது, டிவியில் படம் வருகிறது, கேம்பேட் வேலை செய்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் மோடம் உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா? அதைக் கண்டுபிடிக்க ஒரு போன் லைன் வேண்டும். வீட்டில் லேண்ட்லைன் எங்கே இருக்கிறது?

உதாரணத்துக்கு சேகா நிறுவனத்தின் ட்ரீம்காஸ்ட். 1998 நவம்பரில் ஜப்பானிலும், 1999 செப்டம்பரில் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. மோடத்தோடு சேர்த்தே விற்கப்பட்டது. போன் வயரைச் செருகி, இன்டர்நெட்டில் வேறு ஊர்க்காரரோடு விளையாடலாம் என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம்.

சரி, காஞ்சிபுரம் பக்கத்தில் ஏனாத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் ஒரு இன்ஜினியரிங் மாணவர் கையில் இப்படி ஒரு கன்சோல் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஹாஸ்டலில் வைஃபை இருக்கும். போன் பாயின்ட் இருக்காது. அவர் என்ன செய்வார்?

மோடத்தை ஏமாற்றுவார். நிஜமான போன் லைனில் எக்ஸ்சேஞ்சில் இருந்து சுமார் 48 வோல்ட் மின்சாரம் எப்போதும் வந்துகொண்டே இருக்கும். ரிசீவரைத் தூக்கியதும் சின்னதாக ஒரு கரன்ட் ஓடும், டயல் டோன் கேட்கும். மோடமும் இதைத்தான் எதிர்பார்க்கிறது. அந்த வோல்டேஜ் இல்லையென்றால் சில மோடங்கள் வேலையையே தொடங்காது. டயல் டோன் கேட்காவிட்டால் வேறு சில மோடங்கள் லைன் இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடும். அதனால் ஆர்வலர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், கன்சோலின் மோடத்தையும் கம்ப்யூட்டரோடு இணைத்த இன்னொரு மோடத்தையும் ஒரு போன் வயரால் இணைத்து, நடுவில் ஒரு 9 வோல்ட் பேட்டரியையும் ஒரு ரெசிஸ்டரையும் வைத்துவிடுகிறார்கள். டயல் டோன் சத்தத்தைக் கம்ப்யூட்டரே பாடிக் காட்டும். மோடம் நம்பிவிடும்! நம்பர் டயல் செய்யும், எதிர்ப்பக்க மோடம் எடுக்கும், அந்தப் பழைய கரகர சத்தம் கேட்கும்.

(ஒரு எச்சரிக்கை: இந்த செட்டப்பை நிஜ லேண்ட்லைனோடு சேர்த்து இணைக்கக் கூடாது. போன் மணி அடிக்கும்போது லைனில் 90 வோல்ட் வரை வரும். பேட்டரியும் போகும், மோடமும் போகும், கை வைத்தால் ஷாக்கும் அடிக்கும்.)

லைன் இல்லாத இடத்தில், லைன் மாதிரியே நடந்துகொள்ளும் ஒன்றை நாமே செய்து, அதில் டெஸ்ட் செய்வது. இந்த யோசனை மோடத்தைவிட, ஏன், டெலிபோனையே விட வயதானது. இந்தியாவில் இதை முதலில் பெரிய அளவில் செய்து காட்டியவர் ஒரு இன்ஜினியர் இல்லை. ஒரு டாக்டர். பெயர் வில்லியம் புரூக் ஓஷானெஸ்ஸி.

யார் இந்த ஓஷானெஸ்ஸி?

அயர்லாந்தின் லிமரிக் நகரில் 1808-ல் பிறந்தவர். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் மருத்துவம் படித்து 1829-ல் பட்டம் வாங்கினார். லண்டனில் டாக்டராகத் தொழில் செய்ய உரிமம் கிடைக்கவில்லை. அதனால் ரசாயனப் பரிசோதனைப் பக்கம் போனார். விஷம் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது, ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது, இப்படி.

1831-ல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் காலரா பரவியது. அங்கே போனார் ஓஷானெஸ்ஸி. அப்போது வயது 23. நோயாளிகளின் ரத்தத்தை எடுத்துப் பரிசோதித்தார். காலரா வந்தவர்களின் ரத்தத்தில் தண்ணீரும் உப்பும் பயங்கரமாகக் குறைந்திருப்பதைக் கண்டார். அப்படியென்றால் போன தண்ணீரையும் உப்பையும் நரம்பு வழியாகத் திரும்பக் கொடுத்தால் என்ன என்பது அவர் யோசனை. 1832-ல் லீத் நகரைச் சேர்ந்த தாமஸ் லட்டா என்ற மருத்துவர் அதை நோயாளிகளிடம் செய்தே பார்த்தார். இன்று ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஏற்றுகிறார்களே, அதன் தொடக்கம் இங்கேதான். ஆனால் மருத்துவ உலகம் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பல பத்து வருடங்கள் அந்த வைத்தியம் கிடப்பில் கிடந்தது.

முதலில் செய்து காட்டுவது, உலகம் கண்டுகொள்ளாமல் விடுவது. இவர் வாழ்க்கையில் இது ஒருமுறையோடு முடியவில்லை.

1833-ல் கிழக்கிந்திய கம்பெனியின் மருத்துவப் பணியில் சேர்ந்து கல்கத்தா வந்தார். 1835-ல் தொடங்கப்பட்ட கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர் ஆனார். மருத்துவ வரலாறு படிப்பவர்களுக்கு இவர் பெயர் இன்னொரு காரணத்துக்காகவும் தெரிந்திருக்கும். இந்தியாவில் வழக்கத்தில் இருந்த கஞ்சா மருந்துகளைப் பற்றி உள்ளூர் அறிஞர்களிடம் கேட்டு, விலங்குகளிடம் சோதித்து, பிறகு நோயாளிகளிடம் பயன்படுத்தி, 1839-ல் கட்டுரை எழுதினார். ஐரோப்பிய மருத்துவம் கஞ்சாவைக் கவனித்ததில் அந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு. அது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

வேதியியல் பேராசிரியருக்கு மின்சாரம் எதற்கு என்று கேட்கலாம். அந்தக் காலத்தில் மின்சாரம் என்றாலே பேட்டரிதான், பேட்டரி என்றால் அமிலமும் உலோகத் தகடும்தான். ஆகவே அது ரசாயன வாத்தியார் கையில் இருந்தது. ஹூக்ளி ஆற்றில் மூழ்கிக் கிடந்த ஈக்விட்டபிள் என்ற கப்பலை, தண்ணீருக்கு அடியில் வெடிமருந்து வைத்து, பேட்டரி மூலம் தீ மூட்டி உடைத்து அகற்றியவர் இவர்தான். தண்ணீருக்கு அடியில் கம்பி வழியாக மின்சாரம் அனுப்பலாம் என்பது இதில் அவருக்குக் கைவந்துவிட்டது.

தோட்டத்துக்குள் 21 மைல்

இப்போதுதான் விஷயத்துக்கே வருகிறோம்.

1830-களின் கடைசியில் இங்கிலாந்தில் குக், வீட்ஸ்டன் என்ற இருவரும், அமெரிக்காவில் மோர்ஸும் மின்சாரத் தந்தியில் இறங்கியிருந்தார்கள். 1837-ல் லண்டனில் குக், வீட்ஸ்டன் போட்ட சோதனை லைன் ஒன்றரை மைல்தான். மோர்ஸின் புகழ்பெற்ற வாஷிங்டன் - பால்டிமோர் லைன் வந்தது 1844-ல்.

கல்கத்தாவில் இருந்த ஓஷானெஸ்ஸிக்கு இருந்த கேள்வி வேறு. இந்தியாவில் ஊருக்கும் ஊருக்கும் நூற்றுக்கணக்கான மைல். மழை, ஈரம், வெயில். இங்கே நீண்ட தூரத்துக்கு சிக்னல் போகுமா? அதைத் தெரிந்துகொள்ள நீண்ட லைன் வேண்டும். நீண்ட லைன் போட அரசாங்கம் பணம் தர வேண்டும். சிக்னல் போகும் என்று நிரூபிக்காமல் அரசாங்கம் பணம் தராது. கன்சோல் வைத்திருக்கும் நம் மாணவருக்கு வந்த அதே சிக்கல்: லைன் இல்லாமல் லைனை டெஸ்ட் செய்ய வேண்டும்.

ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் சிப்பூரில் கம்பெனியின் தாவரவியல் பூங்கா இருந்தது. அந்தப் பெரிய ஆலமரம் இருக்கிறதே, அதே பூங்காதான். அதன் பொறுப்பாளர் நத்தானியல் வாலிச் உதவிக்கு வந்தார். 1839 ஏப்ரல், மே மாதங்களில், பூங்காவுக்குள் வரிசை வரிசையாக மூங்கில்களை நட்டு, அவற்றில் இரும்புக் கம்பியை இழுத்துக் கட்டினார் ஓஷானெஸ்ஸி. ஒரு கோடிக்குப் போய், திரும்பி, மறுபடி அந்தக் கோடிக்குப் போய், மறுபடி திரும்பி.

காஞ்சிபுரத்து நெசவாளர் யாராவது இதைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார். பாவு ஓட்டும்போது குச்சிகளை நட்டு நூலை இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று கொண்டுபோவார்களே, அதே வேலை. நெசவாளருக்கு ஒரு சின்ன இடத்துக்குள் நீளமான நூல் வேண்டும். ஓஷானெஸ்ஸிக்கு ஒரு தோட்டத்துக்குள் நீளமான கம்பி வேண்டும்.

இது ஏன் சரியான சோதனை? கம்பியில் மின்சாரம் போகும்போது அதற்கு ஏற்படும் தடை, கம்பியின் நீளத்தையும் தடிமனையும் உலோகத்தையும் பொறுத்தது. கம்பி கல்கத்தாவில் இருந்து நேராக எங்கேயோ போகிறதா, இல்லை ஒரே தோட்டத்துக்குள் மடிந்து மடிந்து போகிறதா என்று மின்சாரம் பார்ப்பதில்லை. மூங்கிலில் கட்டியிருப்பதால் ஈரத்தில் எவ்வளவு மின்சாரம் கசிகிறது என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். அதற்கும் மேல் ஒரு வசதி. அனுப்பும் முனையும் வாங்கும் முனையும் பக்கத்திலேயே இருக்கும். குதிரையில் ஆள் அனுப்பி, சிக்னல் வந்ததா என்று கேட்க வேண்டியதில்லை!

மொத்த நீளம், அவரே பின்னால் கொடுத்த கணக்குப்படி, 21 மைல். அதில் 7,000 அடி ஆற்றுத் தண்ணீர். ஆமாம், ஹூக்ளி ஆற்றையே கம்பிக்குப் பதிலாக மின்சாரம் திரும்பி வரும் பாதையாகப் பயன்படுத்தினார். அதே வருடம், கம்பிக்குத் தார் பூசி, பிளந்த பிரம்பால் மூடி, தார் தோய்த்த கயிறு சுற்றி, ஆற்றின் அடியிலும் போட்டு சிக்னல் அனுப்பினார். கடலடி கேபிள் வரலாற்றில் ஆரம்பப் பக்கங்களிலேயே இந்தச் சோதனை வந்துவிடும். ரப்பர், பிளாஸ்டிக் எதுவும் இல்லை. பிரம்பும் தாரும்தான்.

சிக்னலை எப்படிப் படித்தார்கள் என்பது இன்னும் சுவாரஸ்யம். திரை இல்லை, மணி இல்லை. இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு கடிகாரங்கள், அவற்றில் எழுத்துகள். அனுப்புபவர் வேண்டிய எழுத்துக்கு முள் வரும்போது மின்சாரத்தை விடுவார். வாங்குபவர் விரலில் சுரீர் என்று ஒரு சின்ன ஷாக். அந்த நொடியில் முள் எங்கே இருக்கிறதோ, அதுதான் எழுத்து. மாணவர்களின் விரல்களை நினைத்தால் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கிறது.

சோதனை முடிவுகளை வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் எழுதி வெளியிட்டார். கம்பெனி அரசாங்கம் என்ன செய்தது?

ஒன்றும் செய்யவில்லை.

12 வருட இடைவெளி

1841-ல் ஓஷானெஸ்ஸி இங்கிலாந்து போனார், 1843-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார், 1844-ல் திரும்பி வந்தார். கல்கத்தா நாணயச்சாலையிலும் பொறுப்பு கிடைத்தது. தந்தி மட்டும் அப்படியே கிடந்தது. இதற்கிடையே இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தந்திக் கம்பிகள் ஓட ஆரம்பித்துவிட்டன.

1848-ல் டல்ஹௌசி கவர்னர் ஜெனரலாக வந்த பிறகுதான் காற்று மாறியது. முதலில் கல்கத்தாவில் இருந்து கடல் பக்கம் டயமண்ட் ஹார்பர் வரை சுமார் 30 மைலுக்கு ஒரு சோதனை லைன். கப்பல் வரும் செய்தி தலைநகருக்குச் சீக்கிரம் தெரிய வேண்டும் என்பது நோக்கம். 1851-ல் அது வேலை செய்யத் தொடங்கியது.

இங்கே தோட்டத்துச் சோதனையின் பலன் தெரிகிறது. ஐரோப்பாவில் மெல்லிய கம்பி போட்டார்கள். ஓஷானெஸ்ஸி விரல் தடிமனில் இரும்புக் கம்பி போட்டார். மெல்லிய கம்பியாக இருந்தால் குரங்கு தொங்கினால் அறுந்துவிடும், காக்கையும் பருந்தும் கூட்டமாக உட்கார்ந்தால் தொய்ந்துவிடும் என்பது ஒரு காரணம். தடித்த இரும்பில் தடை குறைவு என்பதால், கொஞ்சம் மின்சாரம் கசிந்தாலும் மிச்சம் போய்ச் சேரும் என்பது இன்னொரு காரணம். பூமிக்கு அடியில் போட்ட இடங்களில், கம்பியின் மேல் உருக்கிய தாரில் தோய்த்த துணியை இரண்டு சுற்றுச் சுற்றி, ஓட்டு வரிசைக்குள் வைத்து, மணலும் பிசினும் கலந்து ஊற்றி மூடினார்கள். அந்தத் துணிக்கு அவர்கள் சொன்ன பெயர் மதராஸ் துணி. நம் பக்கத்துத் தறிகளுக்கு இந்தியாவின் முதல் தந்தி லைனில் இப்படி ஒரு பங்கு!

1852-ல் இரண்டாவது பர்மா போர். ரங்கூன் பிடிபட்ட செய்தியோடு கப்பல் ஆற்று முகத்துவாரத்துக்கு வந்ததும், அங்கிருந்து செய்தி கம்பி வழியாகக் கல்கத்தாவுக்குப் பறந்தது. கப்பல் வந்து நங்கூரம் போடுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அதற்கு மேல் டல்ஹௌசிக்கு எந்த ஆதாரமும் தேவைப்படவில்லை. நாடு முழுக்கத் தந்தி வேண்டும் என்று லண்டனுக்கு எழுதினார். ஓஷானெஸ்ஸியையே நேரில் அனுப்பினார். கம்பெனி இயக்குநர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

சிப்சந்திர நந்தியை மறந்துவிடக் கூடாது

எல்லாவற்றையும் ஓஷானெஸ்ஸி ஒருவரே செய்தது போல எழுதுவது வழக்கம். அது நியாயம் இல்லை. நாணயச்சாலையில் 1846-ல் வேலைக்குச் சேர்ந்த சிப்சந்திர நந்தி என்ற வங்காளி, டயமண்ட் ஹார்பர் லைன் போடுவதில் அவருக்கு வலது கையாக இருந்தார். டல்ஹௌசி முன்னிலையில் டயமண்ட் ஹார்பரில் இருந்து முதல் சிக்னல் அனுப்பியது இவர்தான். அப்போது தந்தி தெரிந்தவர்கள் நாட்டிலேயே இல்லை என்பதால், ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்ததும் இவர்தான்.

பிறகு டாக்கா பக்கம் லைன் போகும்போது நடுவில் பத்மா ஆறு. ஏழு மைல் கேபிள் போட வேண்டும். பெரிய கப்பல் வைத்துச் செய்ய வேண்டிய வேலையை, அந்தச் செலவு கட்டுப்படியாகாது என்று மீனவர்களின் படகுகளை வாடகைக்குப் பிடித்து முடித்தார் நந்தி. கம்பம் நட மரம் கிடைக்காத இடத்தில் பனைமரத்தைப் பயன்படுத்தினார். பனையை வைத்து எதையும் செய்யலாம் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1883-ல் அவருக்கு ராய் பகதூர் பட்டம் கொடுத்தார்கள். ஓஷானெஸ்ஸிக்கு சர் பட்டம் 1856-லேயே வந்துவிட்டது. இந்த இடைவெளியை கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

800 மைல், 5 மாதத்துக்குள்

1853 நவம்பரில் கல்கத்தா - ஆக்ரா லைன் தொடங்கியது. 1854 மார்ச் 24 அன்று ஆக்ராவில் இருந்து கல்கத்தாவுக்கு முதல் செய்தி வந்தது. 800 மைல். அடுத்து ஆக்ராவில் இருந்து பம்பாய், பம்பாயில் இருந்து மதராஸ். தென்னிந்தியாவில் சில இடங்களில் மரத்துக்குப் பதிலாகக் கருங்கல் தூண்களையே கம்பமாக நட்டார்கள். 1855 பிப்ரவரியில் பொதுமக்களும் காசு கொடுத்துத் தந்தி அனுப்பலாம் என்று திறந்துவிட்டார்கள். 16 வார்த்தைக்கு, 400 மைல் தூரத்துக்கு ஒரு ரூபாய். அந்தக் காலத்து ஒரு ரூபாய் சாமானியர் கையில் சும்மா புரளும் காசு இல்லை.

ஓஷானெஸ்ஸி இந்தியத் தந்தித் துறையின் தலைமை அதிகாரி ஆனார். ஆரம்பத்தில் அவரே வடிவமைத்த ஊசிக் கருவியைத்தான் எல்லா ஆபீஸிலும் வைத்திருந்தார். மலிவு, இங்கேயே செய்யலாம், கெட்டுப்போனால் இங்கேயே சரி செய்யலாம். ஆனால் தூரம் கூடக் கூட மோர்ஸ் கருவிதான் மேல் என்று தெரிந்ததும் தன் கருவியை விட்டுவிட்டு மோர்ஸுக்கு மாறினார். சொந்தக் கண்டுபிடிப்பை ஓரம் கட்ட எல்லோருக்கும் மனசு வராது.

யாருக்காக இந்தக் கம்பி?

இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கம்பெனி இந்தியர்கள் நலம் விசாரித்துக்கொள்ள இந்தக் கம்பியைப் போடவில்லை. படையை எங்கே அனுப்புவது, யார் கிளம்புகிறார்கள், யார் அடங்குகிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் போட்டது. 1857 மே 11 அன்று மீரட் சிப்பாய்கள் டெல்லிக்குள் நுழைந்தபோது, டெல்லி தந்தி ஆபீஸில் இருந்த இரண்டு ஊழியர்கள் அம்பாலாவுக்குச் செய்தி அனுப்பிவிட்டுத் தப்பினார்கள். அந்தச் செய்தி பஞ்சாபுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே இருந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் முந்திக்கொண்டு சிப்பாய்களின் ஆயுதங்களைப் பறித்துவிட்டார்கள். கிளர்ச்சிக்காரர்கள் பல ஊர்களில் தந்திக் கம்பிகளைத் தேடித் தேடி அறுத்தார்கள் என்றால், அதன் பலத்தை அவர்களும் புரிந்துவைத்திருந்தார்கள் என்று அர்த்தம்.

செயற்கை லைன் பிறகு என்ன ஆனது?

தோட்டத்தில் செய்ததை அடுத்த தலைமுறை மேஜை மேல் செய்தது. 1870-களில், ஒரே கம்பியில் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் தந்தி அனுப்பும் முறை வந்தபோது, நிஜ லைனுக்குச் சமமாக இன்னொரு போலி லைன் தேவைப்பட்டது. அதற்கு மைல் கணக்கில் கம்பி இழுக்கவில்லை. ரெசிஸ்டரும் கபாசிட்டரும் வைத்த பெட்டியையே லைனாக நினைக்க வைத்தார்கள். அமெரிக்காவின் ஸ்டெர்ன்ஸ் 1872-ல் இதைச் சரியாக ஓட வைத்தார். மோடம் தயாரிப்பவர்கள் ஆய்வகத்தில் வைத்திருந்த லைன் சிமுலேட்டர் பெட்டி அந்த வம்சம்தான். 9 வோல்ட் பேட்டரியும் ரெசிஸ்டரும் அதன் ஏழைத் தம்பி.

ஒரு வித்தியாசம் உண்டு. பேட்டரி வைத்து மோடத்தை டெஸ்ட் செய்யும்போது, மோடம் உயிரோடு இருக்கிறதா என்பது மட்டும்தான் தெரியும். இரண்டு அடி வயரில் சத்தம் தேயாது, இரைச்சல் சேராது. அதனால் ஹாஸ்டல் மேஜையில் நல்ல வேகம் காட்டும் மோடம், நிஜமான பழைய செம்புக் கம்பி லைனில் திணறலாம். ஓஷானெஸ்ஸி 21 மைலையும் நிஜமாகவே இழுத்தது வீண் வேலை இல்லை. அவருக்கு வேண்டியது கருவிக்கு உயிர் இருக்கிறதா என்ற பதில் இல்லை. தூரம் அந்த உயிரைக் குடித்துவிடுமா என்ற பதில்.

கடைசிக் காலம்

1860-களின் தொடக்கத்தில் பணி ஓய்வு பெற்று இங்கிலாந்து போய்விட்டார் ஓஷானெஸ்ஸி. பிறகு பொது வாழ்க்கையில் அவர் பெயர் அடிபடவே இல்லை. 1889 ஜனவரி 8 அன்று தெற்கு இங்கிலாந்தின் சவுத்சீ நகரில் இறந்தார். வயது 80. அவர் தொடங்கிவைத்த இந்தியத் தந்தி சேவை அவருக்குப் பிறகு 124 வருடங்கள் ஓடியது. 2013 ஜூலையில் பிஎஸ்என்எல் அதை நிறுத்தியபோது, கடைசித் தந்தி அனுப்ப பல ஊர்களில் மக்கள் வரிசையில் நின்றதை டிவியில் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருப்போம்.

இவரைப் பற்றி மேலும் தேடிப் படிக்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 1861-ல் அவர் தன் பெயரை முறைப்படி வில்லியம் ஓஷானெஸ்ஸி புரூக் என்று மாற்றிக்கொண்டார். அதனால் காலராவும் கஞ்சாவும் தந்தியும் ஓஷானெஸ்ஸி என்ற பெயரில் இருக்கும். அதற்குப் பிந்தைய ஆவணங்களை புரூக் என்று தேடினால்தான் கிடைக்கும்.